சீட்டுப் போட்டு மாட்டிய சக்கரங்கள்

மகனே,

உன் கடிதம் திங்கட்கிழமை கைக்கு வந்தது. கல்யாணம் நெருங்கிவிட்டது, யார் யாருக்குப் பாக்கு வைத்தீர்கள் என்றோ, வேட்டி எடுத்தாயிற்றா என்றோ கேட்டிருப்பாய் என்று நினைத்துத்தான் பிரித்தேன். முதல் வரியிலேயே டயர் அளவு. ஊர்க் கூட்டத்தார் திருவொற்றியூருக்கே வந்து உன்னைப் பார்த்தார்களாம். ஏலத்தில் பழைய ஜீப் ஒன்று எடுத்திருக்கிறார்களாம், படகு இழுக்க நீதான் ஓட்டவேண்டும் என்று கேட்டார்களாம், நீயும் ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று தலையாட்டிவிட்டாயாம். முன்பு செய்த மாதிரியே குப்பத்துக்கு இரண்டு டயர் போடப் போகிறார்கள், எந்த அளவு எதோடு ஒத்துப்போகும் என்று நைனாவிடம் கேட்டு எழுது என்கிறாய். கடைசியில் 'எப்படியும் சமாளிச்சுப்பேன், கவலப்படாதே' என்று வேறு. உன் நைனாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "வான்னு எழுது" என்றார். அவருடைய பதில் அவ்வளவுதான். என்னுடையது கொஞ்சம் நீளம். டீக்கடையில் நின்றுகொண்டு படிக்காமல் ஓர் இடத்தில் உட்கார்ந்து படி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை, கூட்டத்தில் யாராவது உன் அம்மா என்ன எழுதினாள் என்று கேட்டால் உரக்கப் படித்தே காட்டு.

தெரிந்த கதைதானே என்று பக்கத்தைத் தள்ளாதே. உனக்குத் தெரிந்தது பாதி. நைனாவுக்கு அடிபட்டபோது நீ பொன்னேரியில் என் சித்தி வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாய். அலை வந்தது, ஜீப் நகர்ந்தது, தொடையில் ஏறியது என்று சொல்லி, இரண்டு நாள் அழவிட்டு, மறுபடி உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டோம். அலையின் மேல் பழியைப் போட்டால் ஊரில் யாருக்கும் மனஸ்தாபம் வராது பார். அன்று அடித்த அலை குழந்தைகள் காலை நனைத்து விளையாடுகிற அலை. அதன் மேல் பொய்ப்பழி போட்டதற்கு நான் கடலிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்.

நம் ஊருக்கு ஜீப் எதற்கு வந்தது என்பதிலிருந்து சொல்கிறேன். வெயில் காலத்தில் கடல் மணலைத் தள்ளித் தள்ளி முகத்துவாரத்தின் வாயை அடைத்துவிடும். ஏரியில் கிடக்கும் படகு கடலுக்குப் போக வழி தெரியாமல் நிற்கும். கட்டுமரமாக இருந்தவரை ஆட்கள் தோளில் தூக்கி மணல் திட்டைத் தாண்டிவிட்டார்கள். இன்ஜின் படகு வந்த பிறகு ஊரே கயிறு பிடித்தாலும் அது அசைந்து கொடுக்கவில்லை. பெண்களும்தான் பிடித்தோம், உள்ளங்கைத் தோல் உரிந்து ஒரு வாரம் குழம்பு கரைக்க முடியாமல் கிடந்தோம். அதனால் ஏரிக்குப்பமும் கடல்குப்பமும் சேர்ந்து ஒரு பழைய ஜீப்பும், படகை ஏற்றி இழுக்க இரண்டு சக்கர டிரெய்லரும் வாங்கின. ஓட்டத் தெரிந்தவர் உன் நைனா ஒருவர்தான். கல்யாணத்துக்கு முன்னால் காட்டூரில் ஒரு பண்ணையில் டிராக்டர் ஓட்டியவர். ஊரில் அன்றைக்கு அவருக்கு இருந்த மவுசை நீ பார்த்திருக்கவேண்டும், பக்கத்து ஊரான தோணிரேவிலிருந்துகூட வந்து வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்துக் கும்பிடு போட்டார்கள்.

வாங்கி வந்த ஜீப்பில் டயர் எல்லாம் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. புது டயர் என்ன அளவில் போடுவது என்பதில்தான் ஆரம்பித்தது. ஒரு படகை ஏரியிலிருந்து கடலுக்குக் கொண்டுபோவதற்குள் மூன்று விதமான தரை வரும் என்று உனக்கே தெரியும். முதலில் ஏரிச் சேறு. மேலே கொழகொழவென்று இருக்கும், அடியில் கெட்டித் தரை உண்டு. அடுத்தது திட்டின் பொடிமணல். அதைத் தாண்டி இறங்கினால் கடலோரத்து ஈரமணல், சிமென்ட் போட்ட தரை மாதிரி இறுகிக் கிடக்கும். நம் ஏரிக்குப்பத்தார் சேற்றை நினைத்துப் பேசினார்கள். ஒல்லியாக, உயரமாக, ஆழமாகப் பல் வெட்டிய டயர்தான் சேற்றை அறுத்துக்கொண்டு இறங்கி அடித்தரையைப் பிடிக்கும் என்றார்கள். என் பிறந்த வீடு இருக்கும் கடல்குப்பம் மணலை நினைத்துப் பேசியது. தாழ்வான அகல டயரைப் போட்டுக் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் மணலின் மேல் மிதந்து போகும், ஒல்லி டயர் அச்சு வரைக்கும் புதைந்துவிடும் என்றார்கள். அந்தப் பக்கம் எழுந்து நின்று பேசியவர் என் அண்ணன், உன் மாமா, இப்போது உனக்குப் பெண் கொடுக்கிற அதே மனிதர். இதில் யார் சொன்னதும் பொய்யில்லை. ஒரு பக்கம் பொய்யாக இருந்திருந்தால் விஷயம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும்.

பழவேற்காட்டில் லாரி வேலை பார்க்கிற பாய் ஒருவரை அழைத்து வந்தார்கள். அவர் மூன்று தரையையும் நடந்து பார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். இழுக்கிற வண்டிக்குப் பிடிமானம் வேண்டும், அதனால் ஜீப்புக்கு நாலும் ஒரே அளவில் பல் வெட்டிய டயர் போடுங்கள். படகின் பாரம் உட்காருவது டிரெய்லரில், அது புதையாமல் மிதந்து வந்தால் போதும், அகல டயரை அதற்குப் போடுங்கள் என்றார். கடல்குப்பத்துக்காரர்கள் குதித்தார்கள். பின்னால் இழுபட்டு வருகிற சக்கரமா எங்களுக்கு, ஜீப்பில் எங்கள் டயர் இல்லையென்றால் அது எப்படி ஊர்ப் பொது வண்டி என்று கேட்டார்கள். சரி, ஜீப்புக்கே நாலும் அகல டயராகப் போட்டுவிடலாமா என்றால் நம் ஆட்கள் குதித்தார்கள். பாய் டீயைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பிறகு ஊர் தனக்குத் தெரிந்த ஒரே மருந்தை எடுத்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதை நாம் சீட்டுப் போட்டுத்தானே பிரித்துக்கொள்கிறோம்? பாடு என்று அதற்குப் பெயர் வைத்து, முறை வைத்து, வெட்டுக்குத்து இல்லாமல் காலம் தள்ளுகிறோம். அதே மாதிரி அம்மன் கோயிலுக்கு எதிரில் சக்கரத்துக்கும் சீட்டுப் போட்டார்கள். முன்னால் இரண்டும் கடல்குப்பத்துக்கு, பின்னால் இரண்டும் ஏரிக்குப்பத்துக்கு என்று விழுந்தது. எல்லோருக்கும் பரம திருப்தி, கற்பூரம் கொளுத்தினார்கள்.

மாட்டி முடித்ததும் வண்டி முன்னால் குனிந்து, பின்னால் தூக்கிக்கொண்டு, தரையை மோப்பம் பிடிக்கிற நாய் மாதிரி நின்றது. நாங்கள் பெண்கள் எல்லாம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தோம். ஸ்டெப்னி எந்த அளவில் வைப்பது என்று மறுபடி ஒரு கூட்டம் நடந்தது, மாதத்துக்கு ஒரு குப்பம் என்று தீர்ப்பாயிற்று. பஞ்சர் மட்டும் எந்த மாதம் யாருடையது என்று பார்த்து ஆகவில்லை. டிரெய்லர் சக்கரத்துக்கு ஒருவரும் உரிமை கேட்கவில்லை, அதனால் மாட்டு வண்டியில் கழற்றிப்போட்ட டயரை அதற்கு மாட்டினார்கள். படகின் முழுப் பாரத்தையும் சுமக்கப் போகிற சக்கரத்தை எவனும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்பக்கம் உயர்ந்துபோனதால் கொக்கியும் உயர்ந்துவிட்டது, டிரெய்லரின் மூக்கு மேலே தூக்கி, பாரம் வாலுக்குப் போய், ஜீப்பின் பின் சக்கரங்களைத் தரையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. உன் நைனா கொல்லனிடம் போய் இரும்புத் தகடு ஒன்று அடித்து வந்து கொக்கியைக் கீழே இறக்கிக்கொண்டார். அவர் சமாளித்ததில் அது முதலாவது.

அதைவிடப் பெரிய கோளாறு உள்ளே இருந்தது. நீ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறவன், உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் தெரிந்தவன் மாதிரி நீ எழுதவில்லையே, அதனால் சொல்கிறேன். சேற்றிலும் மணலிலும் போகும்போது சின்ன கியரைப் போட்டு முன் சக்கரங்களுக்கும் விசை கொடுக்கவேண்டும். போட்டுவிட்டால் முன்னாலும் பின்னாலும் ஒரே கணக்கில் சுற்றும். உயரச் சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகப் பார்க்கும், குட்டைச் சக்கரத்தால் அவ்வளவு போக முடியாது. தரை இளக்கமாக இருந்தால் ஏதோ ஒன்று வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். கெட்டித் தரைக்கு வந்துவிட்டால் வழுக்க இடமில்லை, ஒன்றை ஒன்று முறுக்கிக்கொண்டு அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டில் ஏறி நிற்கும். நானும் உன் நைனாவும் ஒரே கம்பில் இறால் கூடையைத் தொங்கவிட்டுத் தூக்கி வருவோம், அவர் எட்டி வைப்பார், என்னால் அந்த எட்டுக்கு ஈடுகொடுக்க முடியாது, கம்பு என் தோள் எலும்பை இடித்துக்கொண்டே வரும். அதே கதைதான். அந்த முறுக்கில் ஸ்டியரிங் கல்லாகிவிடும், சின்ன கியர் இறுகிப்போய்க் கழலாது. அதற்கு அவர் ஒரு தந்திரம் கண்டுபிடித்தார். திட்டின் உச்சியிலேயே, கெட்டி மணலைத் தொடுவதற்கு முன், கியரை எடுத்துவிடுவது. எடுக்க வராவிட்டால் வண்டியைக் கொஞ்சம் பின்னால் விட்டு முறுக்கை அவிழ்ப்பது.

அவர் கூட்டத்தில் சொல்லாமல் இல்லை. நாலும் ஒரே அளவாக வேண்டும், யாருடையதாக இருந்தாலும் எனக்குச் சம்மதம் என்று கேட்டார். கடல்குப்பத்தார், நீ ஏரிக்குப்பத்து ஆள், எங்கள் டயரைக் கழற்றத்தான் வழி பார்க்கிறாய் என்றார்கள். நம் குப்பத்தார், மச்சான் வீட்டுக்குப் பயந்து நம்முடையதைக் கழற்றப் பார்க்கிறான் என்றார்கள். ஒரே பேச்சுக்கு இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கியவர் உன் நைனா. சீட்டில் விழுந்ததை மாற்றினால் நாளைக்கு வலைப் பாட்டையும் மாற்றச் சொல்வான் என்று ஒருவர் சொன்னதும் மொத்தக் கூட்டமும் தலையாட்டியது. உன் நைனா, சமாளிச்சுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். நம் ஆண்களுக்கு அந்தச் சொல்லின் மேல் என்ன மோகமோ தெரியவில்லை. அதைச் சொல்லிவிட்டால் எதிரில் இருக்கிறவன் முகம் மலர்கிறது, கூட்டம் கலைகிறது, எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார்கள். மிச்சம் இருப்பதெல்லாம் சொன்னவன் தலையில்.

அன்றைக்கு ஏற்றியிருந்தது நம் குப்பத்துப் படகு. சாயங்காலம் ஆகியிருந்தது, நாங்கள் பெண்கள் கூடைகளோடு திட்டின் மேல் நின்றோம். சேற்றைத் தாண்டி, மணலில் ஏறி உச்சிக்கு வந்ததும் வழக்கம்போல் சின்ன கியரை எடுக்கப் பார்த்தார், வரவில்லை. பின்னால் விட்டுப் பார்க்கலாம் என்றால் படகோடு டிரெய்லர் மடங்கிக்கொள்கிறது. எப்படியும் இறங்கித்தானே ஆகவேண்டும் என்று மெதுவாக இறக்கினார். ஈரமணலைத் தொட்டதும் ஸ்டியரிங் திரும்பவில்லை, வண்டி நேராகத் தண்ணீர் ஓரத்துக்குப் போய் நின்றது. கைப்பிரேக் போட்டுவிட்டு, படகை ஆட்கள் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் புகுந்தார். இதற்கு முன்னாலும் அப்படித் தட்டி எடுத்திருக்கிறார். முதல் தட்டில் ஒன்றுமில்லை. இரண்டாவது தட்டில் கியர் விட்டுக்கொண்டது, உள்ளே முறுக்கிக் கிடந்த விசையெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்தது, வண்டி துள்ளி முன்னால் நகர்ந்தது, பின்னாலிருந்து படகும் தள்ளியது. பின் சக்கரம் அவர் தொடையில் ஏறி நின்றது. அவர் கத்தவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவர் என் பெயரைச் சொன்னது அன்றைக்குத்தான்.

இதற்குப் பிறகு நடந்ததை உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தோணியில் போட்டுப் பழவேற்காட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆஸ்பத்திரிக்குப் போக வேன் வரும்வரை படித்துறையில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுற்றி நின்ற பெரிய மனிதர்கள் ஒரு நியாயம் பேசினார்கள். ஏறினது பின் சக்கரம், பின் சக்கரம் சீட்டில் ஏரிக்குப்பத்துக்கு விழுந்தது, ஆகவே வைத்தியம் பார்க்கவேண்டிய பொறுப்பு ஏரிக்குப்பத்தைச் சேர்ந்தது என்று. அதை வாய்விட்டுச் சொன்னது என் அண்ணன். நம் குப்பத்தார் என்ன செய்திருக்கவேண்டும் சொல்? அவர்களும் கொஞ்சம் யோசித்து, ஆமாம், நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். ஒருவருக்கும் இதில் அசிங்கம் தெரியவில்லை. என் மடியில் இருந்தவருக்கு நினைவு இருந்தது, அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றோடு அண்ணனிடம் பேசுவதை நிறுத்தினேன். பல வருஷம் கழித்து மறுபடி பேச வைத்தவள் அவர் மகள், நீ கட்டப்போகிற மல்லிகாதான். அத்தை, அத்தை என்று வந்து வந்து, மாமா காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, என் கோபத்தைத் தேய்த்துக் கரைத்தவள் அவள்.

இப்போது நம் வீட்டின் காலை நேரத்தை உனக்குச் சொல்லவேண்டும், நீ லீவில் வரும்போது உன் நைனா அதை மறைத்துவிடுகிறார். நீ எழுந்திருப்பதற்கு முன்பே அவரை எழுப்பி உட்கார வைத்திருப்பேன். அந்தக் கால் மடங்காது, நீளாது. என் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் பாயிலிருந்து எழுவார், கொல்லைப்புறம் போகவும் நான் வேண்டும், திரும்பவும் நான் வேண்டும். அதற்குப் பிறகு கூடையை எடுத்துக்கொண்டு நான் பஸ்ஸுக்கு ஓடவேண்டும். அவர் ஒரு நாளும் என்னை ஏசியதில்லை, நானும் முகம் சுளித்ததில்லை என்றுதான் ஊர் சொல்கிறது. ஊருக்கென்ன தெரியும்? எனக்குச் சலிப்பாக இருக்கிறது. சில நாள் அவர் கூப்பிடுவது காதில் விழுந்தும் அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் சும்மா நின்றிருக்கிறேன். அந்த மனிதர் மேல் எனக்கு ஆசை இருக்கிறது, அதோடு சலிப்பும் இருக்கிறது. இதை எழுத எனக்கு வெட்கமில்லை, உனக்கும் இது தெரியட்டும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். உயரத்தில் ஒரு விரல் வித்தியாசம்தான் வரும், பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாய். ஒரு சுற்றுக்கே அந்த வித்தியாசம் அடிக்கும், திட்டைத் தாண்டுவதற்குள் சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றும் என்று நினைத்துப் பார். நாலும் ஒரே அளவாக இருக்கவேண்டும், ஸ்டெப்னியையும் சேர்த்துச் சொல்கிறேன். தேய்ந்ததையும் புதியதையும் ஜோடி சேர்த்தால் அதுவும் அளவு மாறியதுதான். பெரிய சக்கரம் போட்டால் பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் சக்கரம் உயர்ந்தால் இழுவை குறையும், படகைத் திட்டில் ஏற்றும்போது இன்ஜின் திணறும், கிளட்ச் கருகும். டயரின் பக்கவாட்டில் எவ்வளவு பாரம் தாங்கும் என்று போட்டிருப்பார்கள். அதைப் படிக்கும்போது வெறும் படகை நினைக்காதே, இன்ஜினும் ஈர வலையும் மேலே தொற்றிக்கொள்கிற வாலிபர்களும் சேர்ந்ததுதான் பாரம். டிரெய்லர் சக்கரங்களின் இடைவெளியும் ஜீப்பினுடையதும் ஒன்றாக இருந்தால் ஜீப் போட்ட தடத்திலேயே அது வரும், இல்லாவிட்டால் தனக்கென்று புதிதாக மணலை உழுதுகொண்டு வரும். மணலில் காற்றை இறக்கினால் கெட்டித் தரையில் மறுபடி ஏற்றிக்கொள், சோம்பல் பட்டால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். இத்தனையும் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். படுத்தே கிடக்கிற மனிதர் பக்கத்தில் இருக்கிறவளிடம் வேறு எதைப் பேசுவார்? கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு எழுதுகிறாளே, ஜோடிச் சக்கரம், இல்லற வண்டி என்று உபதேசத்தில் இறங்கிவிடுவாளோ என்று பயப்படாதே. எனக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. நான் டயரைத்தான் சொல்கிறேன்.

உன் நைனா ஏன் வா என்று மட்டும் சொன்னார் என்று நானும் கேட்டேன். நீ கேட்டிருந்தாலும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். "நாலும் ஒண்ணுன்னா ஊரு ரெண்டாயிடும். ரெண்டு ரெண்டுன்னா ஊரு ஒண்ணா கெடக்கும். காலு போனது என்னோட போவட்டும்" என்றார். அவர் முட்டாள் இல்லை. சீட்டுப் போடுகிற வழக்கம் கெட்டுக் கொஞ்ச காலம் இரண்டு குப்பமும் முட்டிக்கொண்டு நின்றதை அவர் வாலிப வயதில் பார்த்தவர். ஏரியில் வலையை அறுத்தார்கள், துடுப்பால் மண்டையை உடைத்தார்கள், அவருடைய சொந்த அண்ணனை ரத்தத்தோடு தூக்கி வந்தார். மறுபடி அது வந்துவிடக்கூடாது என்பதற்காகத் தன் கால் போனதைக்கூட ஒரு கணக்கில் சேர்த்துவிட்டார். எனக்கும் ஊர் ஒன்றாக இருக்கத்தான் ஆசை, நான் இரண்டு குப்பத்துக்கும் சொந்தக்காரி. ஆனால் ஊர் ஒன்றாக இருக்க ஒவ்வொரு தடவையும் என் வீட்டிலிருந்தே ஏன் ஆள் எடுக்கவேண்டும் என்று கேட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அதற்கு மேல் அவரை வதைக்க எனக்கு மனம் வரவில்லை.

அதனால் நேற்று நானே கடல்குப்பத்துக்குப் போனேன். அண்ணன் வீட்டில் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். உன் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன், பாய் அன்றைக்குச் சொன்ன வழியை மறுபடி சொன்னேன். ஜீப்புக்கு நாலும் பல் டயர், உங்கள் அகல டயர் டிரெய்லருக்கு, கூட்டத்தில் நீங்களே எழுந்து இதைச் சொல்லவேண்டும், அன்று படித்துறையில் வேறு நியாயம் சொன்னவர் நீங்கள் என்றேன். அண்ணன் முகம் கறுத்துப்போயிற்று. வலையை உதறிக்கொண்டே, "டிரெய்லருக்குப் போட்டேன்னு வை, குப்பத்துல ஒருத்தன் என்ன மதிக்க மாட்டான். மாப்பிள்ளைக்காக மானத்த வித்துட்டான்னு பேசுவானுங்க" என்றார். அவருக்கும் வயதாகிவிட்டது, அந்தக் குரலில் பழைய திமிர் இல்லை, பயம்தான் இருந்தது. திரும்பிவிடலாம் என்று கூடையை எடுத்தேன்.

மல்லிகா கதவோரத்தில் நண்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கல்யாணப் பெண், மாமியாரும் தகப்பனும் பேசும்போது வாய் திறக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியும். கையைக் கழுவிக்கொண்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"நைனா, அத்தை வூட்ல மாமாவ தெனம் காலைல தூக்கி உக்கார வெக்கிறது யாருன்னு உனக்குத் தெரியுமா? நான் பாத்துக்கினு கீறேன். என்னால அது முடியாது நைனா. இப்பவே சொல்லிட்டேன்."

அண்ணன் அவளை உள்ளே போ என்றார். அவள் போகவில்லை. அழவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. என்னைப் பார்த்துத்தான் அடுத்ததைச் சொன்னாள்.

"அத்தை, அவருக்கு எழுது. கூட்டத்துல எழுந்து நாலும் ஒரே அளவுதான் ஓட்டுவேன்னு சொல்லட்டும். எங்க டயரு பின்னாடி போனா போவுது, அதுக்கு வர்ற பேச்ச எங்க நைனாவும் நானும் வாங்கிக்கிறோம். சமாளிக்கிறேன்னு சொன்னாருன்னா இந்தக் கல்யாணம் எனக்கு வேணாம்."

அண்ணன் வலையைச் சுருட்டிக் கீழே வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, அவன் கேட்கட்டும், ஓட்டுகிறவன் வாயால் கேட்டால் நான் எழுந்து சரி என்கிறேன், அவன் கேட்காமல் நானாக எழ மாட்டேன் என்றார். அந்த மனிதரிடமிருந்து அவ்வளவு வந்ததே பெரிது. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சந்தோஷமா, பயமா என்று எனக்கே தெரியவில்லை. உன்னைப் பெற்றவள் நான் சொல்லத் தயங்கியதை, நாளைக்கு வரப்போகிறவள் சொல்லிவிட்டாள். அவளை நான் தடுக்கவில்லை. மனசு மாறிவிடும், சும்மா மிரட்டுகிறாள் என்று நினைக்காதே. அது எங்கள் வீட்டுப் பிடிவாதம், நான் அண்ணனோடு எத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன் என்று யாரையாவது கேட்டுப் பார்.

ஆகவே இப்போது பேச வேண்டிய ஆள் நீ ஒருவன்தான் பாக்கி. அம்மன் கோயில் முன்னால் எழுந்து நின்று, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, இரண்டு குப்பத்தையும் பார்த்து, எனக்கு நாலும் ஒரே அளவில் வேண்டும், இல்லாவிட்டால் ஓட்ட மாட்டேன் என்று சொல்லவேண்டும். உன்னை ஏசுவார்கள். உன் நைனாவே தலையைக் குனிந்துகொள்வார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்பாயா என்பது எனக்குத் தெரியாது, மகனே. இருபத்தைந்து வயதுவரை உன்னை வளர்த்துவிட்டு, இது தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன் என்பதுதான் என் கவலை.

கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. கல்யாணம் அதற்கடுத்த வெள்ளி. பந்தல்காரர் நேற்றிலிருந்து மூன்று முறை வந்து கழி இறக்கட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்த பிறகு வந்து கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

உன் அம்மா